இரவை அச்சிட்டவர்கள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களில் நிலவுக் காட்சி ஒன்றைக் காண்பவர் கண் முதலில் அந்த வெள்ளை வட்டத்தில்தான் போய் நிற்கும். பல படங்களில் அந்த வட்டத்தின் மேல் சாயமே ஏறியிருக்காது. வானத்துக்கான கட்டையில் அவ்விடத்தை மட்டும் குடைந்து நீக்கிவிடுவதால், கோஸோ என்னும் மல்பெரி இனச் செடியின் பட்டை நாரில் செய்த தாளின் வெண்மையே அங்கே நிலவாகி விடுகிறது. ஆகவே இந்த ஓவியங்களின் உழைப்பு முழுவதும் இருளில்தான் இருக்கிறது என்பேன்.

அந்த இருளுக்கு உயிர் தருவது ‘போகாஷி’ என்னும் முறை. செர்ரி மரக்கட்டையை ஈரமாக்கி, அதன் ஒரு விளிம்பில் மட்டும் சாயத்தை வைத்து, தூரிகையால் ஈரத்தை நோக்கி இழுத்துப் பரப்பினால், நீலம் மேலே அடர்ந்தும் கீழே போகப் போக வெளுத்தும் நிற்கும். அதன்மேல் தாளைக் கவிழ்த்து, மூங்கில் மடல் போர்த்திய ‘பாரென்’ என்ற வட்டமான கருவியால் அதன் முதுகில் தேய்ப்பார்கள். இந்தச் சாய்வைக் கட்டையில் செதுக்குவதில்லை. ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகக் கையால் பரப்ப வேண்டும் என்பதால், ஒரே ஓவியத்தின் இரண்டு பிரதிகளில்கூட வானம் ஒன்றுபோல் இருப்பதில்லை. வரையும் ஓவியர் வேறு, அச்சிடுபவர் வேறு; இத்தனை செய்தும் அச்சிட்டவரின் பெயர் பெரும்பாலும் தாளில் இடம்பெறுவதில்லை என்பது எனக்கு வருத்தமே.

பெர்லினில் பிறந்த பிரஷ்ய நீலம் என்னும் செயற்கைச் சாயம் 1830ஐ ஒட்டி ஜப்பானிய அச்சுக்கூடங்களில் பரவலானது. அதற்கு முன் பயன்பட்ட, பூவிலிருந்து எடுத்த நீலச் சாயம் எளிதில் வெளுத்துவிடும்; இதுவோ அடர்த்தியாகவும் நிலைத்தும் நின்றதால், ஆழ்ந்த இரவு வானம் எளிதாயிற்று. ஓவியர் ஹிரோஷிகே வரைந்து 1856இல் வெளியான, எடோ (இன்றைய டோக்கியோ) நகரின் சாருவாகா-மாச்சி நாடகக் கொட்டகைத் தெருவின் இரவுக் காட்சி இதற்குச் சிறந்த சான்று. முழுநிலவின் கீழ் தெருவில் நடப்போர் ஒவ்வொருவரின் காலடியிலும் சாம்பல் நிற நிழல் விழுந்திருக்கிறது. நிழலை வரைவது அக்கால ஜப்பானிய அச்சுகளில் அரிது. நிலவு எவ்வளவு பிரகாசம் என்பதை வானத்தைவிட அந்தத் தரையே நமக்குச் சொல்லிவிடுகிறது.

ஓவியர் கவாஸே ஹாசுயி 1930இல் செய்த, டோக்கியோவின் மாகோமே பகுதியைக் காட்டும் ‘மாகோமே நிலவு’ என்ற அச்சில் ஓங்கிய பைன் மரங்கள் நிலவை மறித்து நிற்கின்றன. கீழே இருண்ட குடிசை, அதில் மஞ்சளாக ஒரே ஒரு சன்னல். அந்தச் சிறு மஞ்சளை எடுத்துவிட்டால் நீலம் முழுவதும் குளிர்ந்துபோகும்.

மற்றொரு ஜப்பானிய ஓவியரான ஹிரோஷி யோஷிடா 1930–31இல் இந்தியாவில் பயணம் செய்தார். தாஜ்மகாலை நிலவொளியில் அச்சாக்கினார்; நம் மதுரைக் கோயிலையும் அச்சாக்கினார். தமிழ்நாட்டில் இதை அறிந்தோர் மிகச் சிலரே என்பது என் ஆதங்கம்.

திருவான்மியூர்க் கடற்கரையில் பௌர்ணமி நிலவு கடலிலிருந்தே எழுவதைப் பார்த்து வளர்ந்த சென்னைவாசிகளுக்கு, மேலே கறுத்துக் கீழே வெளுக்கும் அந்த வானம் அந்நியமாகத் தோன்றாது. நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகமும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் இவற்றுள் பலவற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒரே ஓவியத்தின் இரு பிரதிகள் கிடைத்தால், அவற்றின் மேல் விளிம்பில் நீலம் எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்று பெரிதாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேதான் அச்சிட்டவரின் கை தெரியும்.