பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டு உறைகளும்

திருநெல்வேலி டவுனின் பழைய பேப்பர் கடைகளில் நான் முதலில் தேடுவது, திரையரங்கு வாசலில் விற்கப்பட்ட சினிமாப் பாட்டுப் புத்தகங்களைத்தான். பாடல் வரிகளோடு நடிகர் பட்டியலும், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் கதைச் சுருக்கமும் கொண்ட அவை, 1931-இல் தமிழில் பேசும்படம் தொடங்கிய பின் வந்து, படச்சுருளே அழிந்துபோன எத்தனையோ படங்களுக்கு எஞ்சியிருக்கும் அரிய சான்றுகள். மலிவான மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டு அமிலமாகித் தாளைப் பழுப்பாக்குவதால், தாள்களைச் சேர்த்துத் தைத்த துருப்பிடித்த கம்பியை மெல்ல நீக்கி, அமிலமற்ற உறையிலிட்டு இருட்டில் வைக்கிறேன். லேமினேஷன் மட்டும் செய்யவே கூடாது, அதன் சூடும் பசையும் தாளை மீட்க முடியாதபடி கெடுத்துவிடும். நாடக மேடையில் பாடி நடித்துப் புகழ்பெற்ற செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் மறைந்தார். திரைப்படத்தில் நடிக்காத அவருடைய குரல் இசைத்தட்டுகளில்தான் வாழ்கிறது. ஆகவே அவர் தட்டுகளின் காகித உறைகளையும், அக்கால நாடக நோட்டீஸ்களையும், விலை சற்று அதிகமானாலும் விட்டுவர எனக்கு மனம் வருவதில்லை.