எமிட்டர்–பேஸ் சோதனை: பினாங்கின் பாயான் லெப்பாஸ் குறிப்புகள்

4 மார்ச் 2025, செவ்வாய்

முதல் சோதனையில் தேறிய 2என்3904 டிரான்சிஸ்டர்கள் இன்று மறுசோதனையில் வரிசையாகத் தோற்றன. டிரான்சிஸ்டரின் மூன்று முனைகள் எமிட்டர், பேஸ், கலெக்டர்; பேஸில் செல்லும் சிறு மின்னோட்டத்தைப் போல் எத்தனை மடங்கு கலெக்டரில் பாய்கிறது என்பதே பெருக்கம். கலெக்டர் மின்னோட்டம் 10 மில்லிஆம்பியராக இருக்கும்போது பெருக்கத்தில் குறையே தெரியவில்லை. 10 மைக்ரோஆம்பியரில்தான் விழுகிறது. நிலைமின்சாரம் தாக்கியிருக்கும் என்று மேற்பார்வையாளர் சொன்னதால், உடலில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டைகளை எல்லாம் சரிபார்த்தோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலைமின் அடி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கெடுக்குமே தவிர, இப்படி ஒரே சீராகக் கெடுக்காது.

6 மார்ச், வியாழன்

சோதனை நிரலை வரிவரியாகப் படித்தேன். பெருக்கத்தை அளந்த பிறகு, எமிட்டரும் பேஸும் சேரும் சந்தியைத் தலைகீழாக முறியவைத்து, அதாவது எதிர்த்திசையில் தடுக்க முடியாமல் மின்னோட்டம் பாயும்வரை கொண்டுபோய், அந்த மின்னழுத்தத்தைப் பதிவு செய்கிறோம். அது 6 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது; உற்பத்தியாளரின் தரவுத்தாள் அதற்குச் சொல்லும் மின்னோட்டம் 10 மைக்ரோஆம்பியர். நிரலில் இருந்தது 10 மில்லிஆம்பியர், ஆயிரம் மடங்கு! போதாததற்கு, அளவு நிலைபெறட்டும் என்று யாரோ காத்திருப்பு நேரத்தையும் கூட்டியிருந்தார்கள்.

சந்தி இதனால் உருகிவிடுவதில்லை, அதனால்தான் யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் முறிவின்போது வேகம் பிடிக்கும் மின்துகள்கள், சந்தியின் மேல் விளிம்பை மூடியிருக்கும் ஆக்சைடின் எல்லையைப் பழுதாக்குகின்றன. அதன்பின் பேஸ் மின்னோட்டத்தின் ஒரு பகுதி அங்கேயே மறுசேர்க்கையில், அதாவது எதிரெதிர் மின்துகள்கள் ஒன்றுசேர்ந்து அழிவதில், வீணாகிறது. பெரிய மின்னோட்டத்தில் அந்த இழப்பு மறைந்துவிடும், சிறியதில் அதுவே பெரும்பங்காகும்.

8 மார்ச், சனி

வீட்டு மேசையில் புதிய டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து, 10 மைக்ரோஆம்பியரில் பெருக்கம் 118 என்று குறித்துக்கொண்டேன். எமிட்டர்–பேஸ் சந்தியில் 10 மில்லிஆம்பியரைத் தலைகீழாகச் செலுத்தியபோது மின்னழுத்தம் 8 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே அசையாமல் நின்றது. கையில் சூடுகூடத் தெரியவில்லை. 1 நிமிடம் கழித்துப் பெருக்கம் 97, 5 நிமிடத்தில் 81.

பட்டர்வொர்த்தில் வானொலி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் நினைவுக்கு வந்தார். முள் மீட்டரில் மின்தடை அளக்கும் பத்தாயிரம் மடங்கு அளவீட்டில் 9 வோல்ட் பேட்டரி வேலை செய்வதால், நல்ல சந்தியும் தலைகீழாக முறிந்து முள்ளை அசைக்கும். அதைக் கசிவு என்று நினைத்து அவர் நல்ல டிரான்சிஸ்டர்களை ஒதுக்கிவிடுவார். நாளை தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

10 மார்ச், திங்கள்

நிரலை 10 மைக்ரோஆம்பியருக்கு மாற்றிக் காத்திருப்பையும் குறைத்தோம். எங்கள் சோதனை மேசையைக் கடந்து ஏற்கெனவே அனுப்பப்பட்ட தொகுதிகளின் பட்டியலை எழுத்துப்பூர்வமாகக் கேட்டிருக்கிறேன். அவற்றுள் எவை சிறு மின்னோட்ட முன்பெருக்கிகளுக்கு (மெல்லிய சமிக்ஞையை முதலில் பெருக்கும் சுற்றுகளுக்கு)ப் போயின என்பது தெரிந்தாக வேண்டும்.