வேம்புக்குள் குக்குறுவான்

மார்ச் 3
காலை ஆறரைக்கே ஆரம்பித்துவிட்டது. டுக், டுக், டுக். ஆச்சி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "கன்னான் பட்டறையில செம்பு தட்டுத மாதிரில்லா இருக்கு" என்றாள். ஒரு நேரம் தெற்கே கேட்கிறது, ஒரு நேரம் கிணற்றுப் பக்கம். இரண்டு இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுதான். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கூவி ஆளை ஏமாற்றுகிறது. செம்மார்புக் குக்குறுவான்.

போன் வரவில்லை.

மார்ச் 5
பார்த்துவிட்டேன். நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. கண்ணுக்கு மேலும் கீழும் மஞ்சள், தொண்டையிலும் மஞ்சள். முதுகெல்லாம் பச்சை. வேப்பிலைக்குள் பச்சைப் பறவை! இதையா வரையப் போகிறேன்?

மார்ச் 6
முதல் தாள் வீண். சாப் கிரீன் என்ற இலைப்பச்சைப் பெயிண்டை ட்யூபிலிருந்து அப்படியே எடுத்து இலைக்கும் பறவைக்கும் பூசினேன். முடித்துப் பார்த்தால் குக்குறுவானைக் காணோம். இலைமேல் யாரோ ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

மார்ச் 8
இலையை ஒவ்வொன்றாக வரையப் புகுந்தது என் புத்தி. ஓரமெல்லாம் ரம்பப்பல் வேறு. 63 வரை எண்ணினேன். மதினி எட்டிப் பார்த்து, "கெணத்துப் பாசியா இது?" என்றாள். கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால் பாசிதான்.

மார்ச் 10
வெள்ளிக்கிழமை சொல்கிறோம் என்றார்கள். இன்று செவ்வாய்.

மார்ச் 11
பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாட்டர்கலருக்கான 300 ஜிஎஸ்எம் கனத் தாள் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷன் வரை போய் வாங்கி வந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் புறவாசல் படியில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. இலைகளுக்குப் பின்னால் இருட்டு கிடக்கிறது. அந்த இருட்டை வைத்துத்தான் பறவையே கண்ணுக்குப் படுகிறது. நான் இத்தனை நாள் இலையை வரைந்துகொண்டிருந்தேன். வரைய வேண்டியது சந்துகளை.

தாள் முழுக்க வெளிறிய மஞ்சள்பச்சை ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்தபின் பறவையையும் நாலைந்து கொத்தையும் பென்சிலில் போட்டு, நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் அடர்த்தியாக்கினேன். கருப்பு தொடவில்லை. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சேர்ந்தாலே போதும், கிணற்று இருட்டு வந்துவிடும். இலைப் பச்சையில் துளி சிவப்பு கலந்து அடக்கினேன். பறவையின் பச்சையை அடக்கவில்லை. ஒரு ஓரத்தில் பொறுமையில்லாமல் ஈரத்திலேயே தொட்டு, காலிஃபிளவர் மாதிரி பூத்துவிட்டது. இருக்கட்டும்.

முதல் தடவையாக அது கிளையில் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 12
சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு முருங்கையில் பட்டுப்போன கிளையை நேற்று வெட்டிப்போட்டார்கள். இந்தப் பறவை பட்ட கிளையில்தான் பொந்து குடையும். வெட்டிய துண்டுகளைப் போய்ப் புரட்டிப் பார்த்தேன். அந்த வீட்டு அத்தை, "என்னட்டி தேடுத?" என்றார்கள். விறகுக்கு என்றேன். துண்டுகளில் பொந்து எதுவும் இல்லை. அடியில் ஒரு துண்டை ஏற்கெனவே யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம். அதில் இருந்திருந்தால்? ராத்திரி இரண்டு மணிக்கும் இதே யோசனை. இதை மட்டும் என்று சொல்ல முடியாது.

மார்ச் 13
இல்லை.

மார்ச் 14
டுக், டுக், டுக். ஆச்சிதான் முதலில் கேட்டாள். அடுப்பில் பால் பொங்கிப் போனது.

மார்ச் 15
கண் வைத்தேன். வெள்ளைப் பெயிண்ட் வேண்டாம், மினுக்குக்குத் தாளின் வெள்ளையையே ஊசிமுனை அளவு விட்டிருக்கிறேன். கை நடுங்கவில்லை.

மார்ச் 16
போனில் சொல்ல மாட்டார்களாம். நாளை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். படத்தில் பறவையின் கால் இன்னும் பாக்கி. அது சிவப்பு என்பதையே இன்றைக்குத்தான் பார்த்தேன்.