காயில் வாங்குறதுக்கு முன்னாடி கப்ளரை கழட்டி பாருங்க

வண்டி ஐடில்ல நடுங்குது, மேடு ஏறும்போது மிதிச்சா மிஸ்ஸிங் அடிக்குது (ஏதோ ஒரு சிலிண்டர் சரியா எரியாம திக்குது)ன்னு மெக்கானிக்கிட்ட போனா, ஸ்கேனரை மாட்டி எரர் கோடை பாத்த உடனே "காயில் போச்சு சார், மாத்திரலாம்"னு சொல்ற பழக்கம் எனக்கு சுத்தமா பிடிக்கல. பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்குற நல்ல இக்னிஷன் காயிலை தூக்கி போட்டு, புதுசுக்கு காசு குடுத்து, அதே மிஸ்ஸிங்கோட திரும்பி வர்றவங்க நிறைய பேரு.

கோடை ஒழுங்கா படிங்க. பி0302ன்னா ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர், அவ்ளோதான், அதுக்கு காரணம் காயிலா இருக்கலாம், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எதுவா வேணா இருக்கலாம். பி0352 வந்தா அந்த காயிலோட சர்க்யூட்ல கோளாறுன்னு இசியூ (எஞ்சினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) சொல்லுது, அப்பவும் காயில்தான்னு அர்த்தம் இல்ல, ஒயர், கப்ளர் (ஒயரை காயில்ல மாட்டுற கனெக்டர்), எர்த் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட்.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில் உள்ள வண்டின்னா பைசா செலவில்லாத டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ரெண்டாவது காயிலை மூணாவதுல மாட்டி, அதை இதுல மாட்டி, கோடை அழிச்சிட்டு ஓட்டி பாருங்க. பி0303ன்னு மாறுச்சுன்னா காயில் போயிருக்கு. பி0302லயே நின்னா காயிலை விட்டுடுங்க, பிளக்கையும் ஒயரையும் பிடிங்க. பிளக் குழிக்குள்ள ஆயில் தேங்கி இருக்கா, ரப்பர் பூட்ல கோடு கோடா கருப்பு தடம் இருக்கான்னும் அப்படியே பாத்துருங்க.

மூணு ஒயர் காயில்னா ஒண்ணு 12 வோல்ட், ஒண்ணு எர்த், ஒண்ணு இசியூல இருந்து வர்ற ட்ரிக்கர் (எப்ப ஸ்பார்க் போடணும்னு சொல்ற சிக்னல்), எது எதுன்னு அந்த மாடலோட டயக்ராம்ல பாத்துக்கோங்க. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஒரு நண்பர் வண்டில சாவிய ஆன் பண்ணி கப்ளர்ல மீட்டர் வச்சா சரியா 12 காட்டுச்சு, அதே பின்னுல ஒரு இன்டிகேட்டர் பல்பை குடுத்தா மினுக்குன்னு மங்கலா எரியுது. டேப்பை உரிச்சு பாத்தா கிளிப் பக்கத்துல ஒயர் உள்ளுக்குள்ளயே பச்சை பூத்து, ஒண்ணு ரெண்டு இழைதான் பிடிச்சிட்டு இருந்துச்சு. மீட்டர் கரண்டே இழுக்காது, அதனால அதுக்கு எல்லாம் நல்லா இருக்க மாதிரிதான் தெரியும், காயிலுக்கோ நெருப்பு போடுற நேரத்துல சில ஆம்பியர் வேணும். பல்ப் டெஸ்ட்டை பவருக்கும் எர்த்துக்கும் மட்டும் பண்ணுங்க, ட்ரிக்கர் ஒயர்ல வச்சா இசியூக்குள்ள அந்த சிக்னலை அனுப்புற டிரைவர் சர்க்யூட் போயிரும், அதுக்கு எல்இடி டெஸ்டர்தான்.

ரெண்டு பின் காயில்னா அந்த ரெண்டு பின்னுக்கும் நடுவுல மீட்டர் வச்சு ப்ரைமரி சுருளோட ஓம்ஸ் பாக்கலாம், பொதுவா 2 ஓமுக்குள்ள வரும். உள்ளயே இக்னைட்டர் (காயில் கரண்டை ஆன்-ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் சுவிட்ச்) இருக்குற காயில்ல ஓம்ஸ் பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிஞ்சா மட்டும் தயவுசெஞ்சு ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் அதை சூட்டுலயே கெடுத்துரும். அதே மாதிரி ஸ்பார்க் வருதான்னு பாக்க காயிலை கையில பிடிச்சிட்டு செல்ஃப் அடிக்காதீங்க, 20,000 வோல்ட்டுக்கு மேல வரும், ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிக்கோங்க.

நாலு சிலிண்டர்லயும் ஒரே நேரத்துல ஸ்பார்க் இல்லையா? நாலு காயிலும் ஒண்ணா சாகுறது ரொம்ப அபூர்வம், ஃபியூஸ், ரிலே, எஞ்சின் சுத்துறதை இசியூக்கு சொல்ற கிராங்க் சென்சார்ல ஆரம்பிங்க.