ஆடி முடிவதற்குள்

ஜூலை 17

ஆடி பிறந்தாச்சு. ஆவணியில் வீடியோ எடுக்க ஏழு கல்யாணம், அதில் ஒன்று அண்ணன் மகளுடையது. எடியஸை விட்டு வேறு எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு மாறுவதென்றால் இந்த ஒரு மாசம்தான்.

ஜூலை 18

எடியஸ் 8ல் நான் யோசித்து எடிட் பண்ணி வருஷக்கணக்காகிறது. சி தட்டினால் வெட்டு, எஃப் 8 தட்டினால் மல்ட்டிகேம், எஃப் 11 தட்டினால் ரெண்டர். விரல் பார்த்துக்கொள்ளும், நான் கடைப் பையனோடு பேசிக்கொண்டே இருப்பேன். மூணு கேமரா, அஞ்சு மணி நேர ரிசப்ஷன், சொல்லிக்கொள்கிற மாதிரி கிராபிக்ஸ் கார்டே இல்லாத சிஸ்டத்தில் ஓட்டியிருக்கிறோம்.

இப்போது தலைவலி புது சோனி கேமராதான். நிறத்தை நுணுக்கமாகப் பதிகிற 10 பிட் 4:2:2, அதையும் எச்.265ல் இறுக்கிச் சுருக்கி வைக்கிறது. ஒவ்வொரு மெமரி கார்டையும் எடியஸ் சுலபமாகப் படிக்கிற எச்கியூஎக்ஸுக்கு மாற்றிவிட்டுத்தான் டைம்லைனில் வைக்கிறோம். கார்டில் கைக்குழந்தை மாதிரி இருந்தது ஹார்ட் டிஸ்குக்கு வந்ததும் குண்டோதரன் ஆகிவிடுகிறது. அவனுக்காவது மீனாட்சி கல்யாணத்துச் சாப்பாடு, இதற்கு ஊரான் வீட்டுக் கல்யாணம் எல்லாம்.

ஜூலை 19

பையன் பிரீமியர்தான் என்கிறான். "எல்லாரும் அதுலதாண்ணே பண்றாங்க, டெம்ப்ளேட் கொட்டிக் கிடக்கு." உண்மைதான். ஆனால் 2013லிருந்து புது வெர்ஷன் எல்லாம் சந்தாவில் மட்டும்தான், அதற்கு முன்னால் விலைக்கும் கிடைத்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, சந்தாவுக்கு ஆடி மார்கழி தெரியுமா? கட்டுவதை நிறுத்தினால் நான் வெட்டின கல்யாணத்தை நானே திறக்க முடியாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கிற கதை.

அவன் முகம் தொங்கிப்போச்சு. பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 20

ஆஸ்பத்திரி. அண்ணனுக்கு இடது கை நல்லாவே அசைகிறது.

ஜூலை 22

டாவின்சி ரிசால்வ் இறக்கினேன், இலவசப் பதிப்பு. கீழே ஏழு பக்கம்: மீடியா, கட், எடிட், ஃபியூஷன், கலர், ஃபேர்லைட், டெலிவர். ஏழு பேர் வேலை பார்க்கிற ஆபீஸில் ஒருத்தனை மட்டும் உட்கார வைத்த மாதிரி.

முதல் நாளே பாடம். புராஜெக்ட் செகண்டுக்கு 24 ஃப்ரேமில் இருந்ததைக் கவனிக்காமல் பாதி ரிசப்ஷனை அடுக்கிவிட்டேன். நம்ம ஊரில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட், ஷட்டர் 50ல் வைத்து 25 ஃப்ரேமில்தான் எடுக்கிறோம், இல்லாவிட்டால் மண்டப லைட் மினுங்கும். டைம்லைனில் கிளிப் ஏறிவிட்டால் அந்தப் புராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து. என் தப்புதான், ஆனாலும் எரிச்சல்.

வெட்டுவதற்கு கண்ட்ரோல் பி. ஒரு மணி நேரத்தில் சியை எத்தனை தடவை தட்டியிருப்பேன் தெரியவில்லை.

ஜூலை 24

ஆடி அமாவாசை. கடை திறக்கவில்லை. மதினி சாப்பிட்டாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 25

இன்று மட்டும் மனசு பறந்தது. திருப்பரங்குன்றத்துக் கல்யாணம் ஒன்றைக் கலர் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், பழைய கேமராவில் எடுத்தது. அங்கே ஒரு முகூர்த்தத்துக்கு எத்தனை தாலி ஏறும் என்று கணக்கே கிடையாது, முருகன் தெய்வானையைக் கட்டின இடமாச்சே. வெளிச்சமும் கலவை, ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை, நடுவில் அரக்குப் பட்டு. எடியஸில் முகத்தைச் சரி பண்ணப் போனால் புடவையும் சேர்ந்து இழுக்கும், மாஸ்க் போட்டு மல்லுக்கட்டுவேன். இதில் தோல் நிறத்தை மட்டும் தனியாக எடுத்து, நோடு என்கிற தனிப் படி ஒன்றில் திருத்தினேன், புடவை அசையவில்லை. பொண்ணு பொண்ணாகவே தெரிந்தாள். சினிமாவுக்குக் கலர் பண்ணுவதற்கென்றே இருந்த மிஷினாம் டாவின்சி, 2009ல்தான் பிளாக்மேஜிக் அதை வாங்கியிருக்கிறது. அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது.

இருட்டில் எடுத்த ஷாட்டில் புள்ளி புள்ளியாக வந்தது. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழுகிறது. அது ஸ்டூடியோ பதிப்பில்தான். சோனியின் 4:2:2க்கும் ஸ்டூடியோதான். ருசி காட்டிவிட்டுக் காசு கேட்கிறார்கள், தப்பில்லை.

ஜூலை 27

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

அண்ணன் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு ஃபோல்டர் வைப்பார். ஊர்ப் பேர், தேதி, மண்டபம். புராஜெக்ட் ஃபைல் அதற்குள்ளேயே. இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று கடையில், ஒன்று வீட்டு பீரோவில். போன மாசம் ஒருத்தர் வந்தார், 2016ல் நாங்கள் எடுத்த கல்யாணம், மேலூர் பக்கம். அப்பா தவறிவிட்டார், சிரித்த மாதிரி ஒரு படம்கூட வீட்டில் இல்லை என்றார். ஃபோல்டரைத் திறந்து, டைம்லைனை ஓட்டி, நாங்கள் வெட்டித் தள்ளின துண்டில் பெரியவர் யாருக்கோ சந்தனக் கிண்ணத்தை நீட்டிச் சிரிக்கிறார். மொத்தம் பத்து நிமிஷ வேலை. அவர் காசு கொடுத்தார், வாங்கவில்லை.

ரிசால்வில் புராஜெக்ட் ஃபைலே கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரு லைப்ரரிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேண்டுமென்றால் நாமாக எக்ஸ்போர்ட் பண்ணி ஃபோல்டரில் போட வேண்டும். பழைய எடியஸ் வேலையை ஏஏஎஃப் என்கிற பரிமாற்ற ஃபைல் வழியாக அனுப்பினால் வெட்டுகள் போகும், டைட்டில் போகாது. பாமினி எழுத்துருவில் அடித்த டைட்டில் எத்தனை, ஒவ்வொரு பத்திரிகையையும் பார்த்துப் பார்த்து அண்ணன் அடித்தது. ஆக அந்தச் சிஸ்டம் என்றைக்குப் படுக்கிறதோ அன்றைக்கு மேலூர்ப் பெரியவரும் படுத்துவிடுவார்.

மணி மூணு.

ஜூலை 28

அந்தச் சிஸ்டத்தின் ஃபேனைக் கழற்றித் துடைத்தேன். ஒரு கைப்பிடி தூசி.

ஜூலை 30

கணக்கு. ஸ்டூடியோ 295 டாலர், ஒரே தடவை, ஒரு லைசன்ஸில் இரண்டு சிஸ்டம். அது பரவாயில்லை. பிரச்சினை நம்ம சிஸ்டம். எடியஸுக்கு சிபியு இருந்தால் போதும், இதற்கு கிராபிக்ஸ் கார்டு மெமரி வேண்டும், என்னிடம் இருப்பது 4 ஜிபி, இரண்டு நோடுக்கு மேல் போனால் திணறுகிறது. அந்த 4:2:2 சீராக ஓட, இன்டெல் சிபியு என்றால் 11வது தலைமுறையாவது வேண்டும். இல்லாவிட்டால் ப்ராக்ஸி என்று லேசான நகல் போட வேண்டும். அதாவது மறுபடியும் கன்வெர்ட்! குண்டோதரனுக்குத் தம்பி.

சோனியை 8 பிட்டில் வைத்து எடுக்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். பையனிடம் சொன்னால் அழுதுவிடுவான்.

ஆகஸ்ட் 1

இன்று அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். பேச்சு இன்னும் தெளியவில்லை. கல்யாண வேலையெல்லாம் கேட்டார், கண்ணாலேயே. சொன்னேன். இடது கை படுக்கை விரிப்பில் கிடந்தது, ஆள்காட்டி விரல் சும்மா தட்டிக்கொண்டே இருந்தது. நர்ஸ் அதைப் பார்த்து நடுக்கம் என்கிறார்.

நடுக்கம் இல்லை. நடுக்கத்துக்கு நடுவில் இப்படி நிறுத்தம் வராது. தட்டல், காத்திருத்தல், தட்டல்.

சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ரிசால்வில் விசைகளை நாமே மாற்றிக்கொள்ளலாம். பிரீமியர் பழக்கத்துக்கு, ஃபைனல் கட் பழக்கத்துக்கு எல்லாம் ரெடியாக வைத்திருக்கிறார்கள், எடியஸ் ஆட்களை யாரும் நினைக்கவில்லை. நானே உட்கார்ந்து வெட்டை சி விசைக்கு மாற்றினேன். முதல் கெட்டிமேளத்தை வெட்டிப் பார்த்தேன். வந்துவிட்டது.

ஆகஸ்ட் 4

பையன் வந்து சிஸ்டத்தில் உட்கார்ந்து "வெட்டவே மாட்டேங்குதுண்ணே" என்றான். கண்ட்ரோல் பி தட்டிக்கொண்டிருக்கிறான்!

ஆகஸ்ட் 6

முடிவு மாதிரி ஒன்று. ஹைலைட்ஸும் டீசரும் ரிசால்வில், புதுச் சிஸ்டம் தவணையில். முழுநீளம் எடியஸிலேயே. பழைய சிஸ்டத்தில் நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டேன், எதுவும் அப்டேட் ஆகக் கூடாது.

அண்ணன் மகள் கல்யாணத்தை எதில் பண்ணுவது என்று மட்டும் எழுதவில்லை, கவனித்தேன்.

ஆகஸ்ட் 7

4:2:2தான். பையன் ஜெயித்துவிட்டான்.

ஆகஸ்ட் 9

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மதினி போனில் சொல்கிறார், கடைக்குக் கூட்டிப் போ என்று சைகையிலேயே அடம் பிடிக்கிறாராம், நாளைக்கே. மாடிப் படி பதினெட்டு. நாற்காலியோடு தூக்க இரண்டு பேர் போதுமா, டீக்கடைக்காரரையும் கேட்க வேண்டும். இல்லையென்றால் எடியஸ் சிஸ்டத்தையே கீழே இறக்கி, வாசல் பக்கம் மேஜை போட்டு, கீபோர்டை இடது பக்கமாக