எதுக்குத் தம்பி கிளறுறீங்க?

"மேல யாருக்கும் நாத்தம் வரல, எனக்கும் ஒண்ணும் பண்ணல. எதுக்குத் தம்பி கிளறுறீங்க?"

பெங்களூரு சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மெண்டின் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின், ஆபரேட்டர் கேட்டது. திருப்பத்தூர்க்காரர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அன்று நான் சொன்ன பதிலில் தப்பில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வி இன்னும் விட்டபாடில்லை.

கழிவுநீர் நாற்றத்தைப் பிடிக்கும் பயோஃபில்டர் விவகாரம். பேஸ்மெண்ட் தொட்டிகளின் காற்றை புளோயர் இழுத்து, ஈரமாக்கி, தேங்காய் நாரும் மரச்சில்லும் மக்கிய உரமும் கலந்த படுகைக்கு அடியில் விடும். காற்று மேலேறுகிற அரை நிமிடத்தில் நாரில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா, நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவைத் தின்று தீர்த்துவிடும். புது வித்தை ஒன்றுமில்லை, பொமராய் என்பவர் 1957லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். ஒரே தொல்லை, தின்னத் தின்ன கந்தக அமிலம் சேரும். தண்ணீர் விட்டு அலசிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் நார் நைந்து, படுகை அமுங்கி, காற்றுக்கு வழியில்லாமல் போகும்.

அங்கே படுகையில் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன். நல்ல நார் என்றால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வரும். இது விரலிடுக்கில் கூழாக வழிந்தது. பிஎச் தாளில் 2 காட்டியது, கடும் அமிலம்.

புகார்கள் நின்றுவிட்டன என்று அசோசியேஷன் செயலாளருக்கு ஒரே சந்தோஷம். நிற்காமல் என்ன செய்யும்? காற்றே வெளியே போகவில்லை. மேலே பூங்காவுக்கு வர வேண்டியதெல்லாம் கீழே அண்ணாவோடு தங்கிவிட்டது. பம்ப் ரூம் கதவைத் திறந்ததும் என் வாயு மீட்டர் கத்தியது. காற்றில் அந்த வாயு 10 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 10 பங்கு) தொட்டால் கத்தும்படி வைத்திருந்தேன். பேனலில் செப்புக் கம்பி முனையெல்லாம் கறுத்திருந்தது. அண்ணா விரலில் இருந்த வெள்ளி மோதிரமும்தான். "சனி பார்வை தம்பி" என்று சிரித்தார்.

அழுகின முட்டை வாடை மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும். 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கே மரத்துவிடும். அதனால் அவருக்குத் தெரியவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். செயலாளரிடம், "கீழ ஆள் உட்கார்ந்திருக்கார் சார்" என்றேன். "அவரே ஒண்ணுமில்லங்கிறாரே?" என்றார். மீட்டரைக் காட்டினேன். மீட்டர் ஜெயித்தது.

புதுப் படுகை போட்டோம். கழிவுநீருக்குக் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியின் ஸ்லட்ஜை, பாக்டீரியா நிறைந்த அந்தச் சேற்றைத்தான், விதையாக ஊற்றினோம். பாக்டீரியா பெருகிப் பிடித்துக்கொள்ளச் சில வாரம் ஆகும். அதுவரை நாற்றம் மேலே போகும் என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். அறிக்கையை யார் படிக்கிறார்கள்? காற்று தடையில்லாமல் போக ஆரம்பித்ததும் பூங்கா நாறியது, குடியிருப்போர் கொதித்தார்கள். யார் தலையிலாவது விழ வேண்டுமே. மெயின்டெனன்ஸ் கான்ட்ராக்டர் அண்ணாவை ஊரின் இன்னொரு கோடியிலிருக்கும் எலஹங்காவுக்குத் தூக்கிப் போட்டார். படுகை சரியாக வேலை செய்ய ஆரம்பித்தபோது அவர் அங்கே இல்லை.

அவருடைய மகள் பக்கத்துப் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அப்படியென்றால் 'கிளறாதீங்க' என்றது மூக்கு மரத்துப்போன மனிதனின் பேச்சா, இல்லை என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்தவரின் பேச்சா? எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. இரண்டாவது என்றால், நான் அவருக்கு எஸ்டிபி பாடம் எடுத்தது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

அதற்காக விட்டிருக்க முடியுமா? அடைத்த படுகை, மூடிய பேஸ்மெண்ட், உள்ளே தனியாக ஒரு ஆள். ஒரு நாள் ஸ்லட்ஜைக் கலக்கும்போது மளமளவென்று வாயு கிளம்பியிருந்தால்? நம் ஊரில் இதெல்லாம் எதில் போய் முடியும் என்று செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் தெரியும். படுகையை மாற்றத்தான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அல்லது இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் போன் பண்ணினேன். "இங்க ஓப்பன் டேங்க் தம்பி, காத்து நல்லா வருது, ஒண்ணும் பிரச்சனையில்ல" என்றார். அன்றைக்கும் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். எலஹங்கா சைட் எங்கள் கம்பெனி லிஸ்டில் இல்லை, மீட்டரை எடுத்துக்கொண்டு போகவும் வழியில்லை. போனால் அது மறுபடி கத்துமோ என்னவோ.