பற்றரி நல்லாத்தான் கிடக்கு, தம்பி

காரைநகர் கசூரினாக் கடற்கரையில் எங்களுக்கு அது மூன்றாவது இரவு. விடியப்புறம் மூன்று மணி இருக்கும். சோளகக் காற்று நாங்கள் படுத்திருந்த வானைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ் ஒருதரம் 'பீப்' என்று கத்திவிட்டு அடங்கிவிட்டது. அதற்குள் முந்தின நாள் வள்ளக்காரரிடம் வாங்கிய ஒரு கிலோ நண்டு, இரண்டு விளைமீன், மகளின் யோகட் கோப்பைகள். ஆகஸ்ட் கடைசி யாழ்ப்பாண வெக்கையில் அந்த நண்டு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். தாங்கவில்லை.

எங்கள் வான் பழைய டொல்பின். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்தது நானும் ஒரு தச்சரும். கூரையில் 100 வாட் சோலார் பனல் இரண்டு, கட்டிலுக்கு அடியில் 100 ஆம்பியர் மணி ஈய அமிலப் பற்றரி ஒன்று, நடுவில், பனலிலிருந்து பற்றரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்த, மலிவான ஒரு பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர். வான் ஓடும்போது எஞ்சினின் ஓல்டர்னேட்டரும் ஒரு ரிலே வழியாக இதே பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும். இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் பெருமையாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஆனால் கோளாறை இவ்வளவு காலம் மறைத்து வைத்திருந்ததே அதுதான்.

கொழும்பிலிருந்து புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார். அங்கிருந்து ஏ 32 வீதியில் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், யாழ்ப்பாணம். ஏ 9 இல் வந்தால் நேரம் மிச்சம்தான். ஆனாலும் கடல்நீரேரியைக் குறுக்கே கடந்து ஊருக்குள் நுழைகிற சுகம் அதில் கிடைக்காது. நான்கு நாள் ஓடினோம். ஓடிய நான்கு நாளும் பற்றரி நிறைந்தே இருந்தது. சோலார் நிரப்புகிறது என்றுதான் நினைத்தேன். நிரப்பியது எஞ்சின். கசூரினாவில் வானை நிறுத்திவிட்டு, ஆழமில்லாத கடலில் மகளை விளையாட விட்டு, மூன்று நாள் சாவியையே தொடாமல் இருந்தபோதுதான் சோலாரின் வண்டவாளம் வெளியே வந்தது.

விடிந்ததும் முதலில் சந்தேகப்பட்டது சவுக்கு நிழலை. கசூரினா என்ற பெயரே அந்தச் சவுக்கு மரங்களால் வந்ததுதான். பனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே போதும், வரவு சட்டென்று இறங்கிவிடும். வானை வெட்டவெளிக்கு நகர்த்தினேன். கூரையில் ஏறி உப்பும் மணலும் படிந்திருந்த பனல்களை நல்ல தண்ணீரால் கழுவினேன். (பனைக்குக் கீழேயும் நிறுத்தக் கூடாது. ஆவணியில் பனம்பழம் விழுகிற காலம். பனலும் போகும், மண்டையும் போகும்.)

நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேல். ஆகஸ்ட் கடைசியில் யாழ்ப்பாணத்தில் கம்பை நட்டு வைத்தால் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த வெயிலுக்கு, பனல் சூடேறிக் குறைவதையும் கழித்தால், ஒன்பது பத்து ஆம்பியராவது வர வேண்டும். கன்ட்ரோலர் 2.8 என்று காட்டியது.

அப்போதே கணக்குப் போட்டிருக்கலாம். பிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும். இந்த வெக்கையில் நாளில் பாதி நேரம் ஓடும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 540 வாட் மணி, 12 வோல்ட்டால் வகுத்தால் அதுவே 45 ஆம்பியர் மணி. விசிறி, லைட், போன் சார்ஜர் எல்லாவற்றுக்கும் இன்னொரு பத்து. வரவோ நாள் முழுக்கச் சேர்த்தாலும் பதினேழைத் தாண்டாது. ஒவ்வொரு நாளும் நாற்பது ஆம்பியர் மணி கடன் வாங்கினால் 100 ஆம்பியர் மணிப் பற்றரி மூன்றாம் இரவில் கையை விரிக்காமல் என்ன செய்யும்?

மல்டிமீட்டரை எடுத்தேன். பனல் வயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, வெறும் முனையில் அளந்தேன். 21 வோல்ட். கூரைக்குப் போய் பனலின் முனையில் அளந்தேன். அங்கேயும் 21. சரி, பனலும் நல்லது, வயரும் நல்லது, மிச்சம் கன்ட்ரோலரும் பற்றரியும்தான் என்று தீர்ப்பெழுதிவிட்டேன். பொறியியல் படித்தவன் என்று என்னை ஊரில் சொல்வார்கள். குடிசார் பொறியியல் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

யாழ் நகரில் ஒரு பற்றரிக் கடைக்குப் போனோம். மீட்டரை வைத்தார்கள். 11.8 வோல்ட். "இது முடிஞ்சுது, புதுசுதான் போட வேணும்" என்றார்கள். விலையைக் கேட்ட மனைவி என் முகத்தைப் பார்த்தாள், நான் வீதியைப் பார்த்தேன். நல்ல காலம், அந்த அளவுப் பற்றரி திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். நல்லூர்த் திருவிழாக் காலம் வேறு. கோயிலைச் சுற்றிய வீதிகள் மறித்துக் கிடந்தன, எங்கே நிறுத்தினாலும் கூட்டம். வட்டுக்கோட்டையில் இருக்கும் மனைவியின் மாமா வீட்டுக்கு வானைத் திருப்பினேன். மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வாங்கிறதுக்கு முதல் எங்கட வயரிங் அண்ணையிட்டை ஒருக்கால் காட்டு" என்றார்.

பொன்னாலைப் பக்கம், பூவரசு நிழலில் தகரக் கொட்டகை. வயரிங் அண்ணைக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். லொறிக்கும் வயரிங் செய்வார், வள்ளத்துக்கும் செய்வார். நான் என் அளவீடுகளை எல்லாம் ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, 11.8 எண்டால் பற்றரி காலி எண்டுதான் அர்த்தம். செத்துப்போச்செண்டு இல்லை. பசிச்சுக் கிடக்கிறவனைப் பார்த்துச் செத்துட்டான் எண்டு சொல்லலாமோ?"

அன்று இரவு பற்றரியைக் கழற்றித் தன் சார்ஜரில் போட்டார். கழற்றும்போது நான் ஒரு பிழை விட்டேன். பனல் வெயிலில் கிடக்க, பற்றரி வயரை முதலில் உருவப் போனேன். "விடு, விடு!" என்று கையைத் தட்டிவிட்டார். பனலை முதலில் விலக்க வேண்டும், பிறகுதான் பற்றரி. பூட்டும்போது மறுவளம், பற்றரி முதல், பனல் பிறகு. பற்றரி இல்லாமல் பனலின் முழு வோல்ட்டும் கன்ட்ரோலரில் விழுந்தால் சில கன்ட்ரோலர்கள் அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடும்.

காலையில் சார்ஜரைக் கழற்றி, ஒரு தேத்தண்ணி நேரம் அல்ல, மூன்று மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அளந்தார். 12.7, நிறைந்த பற்றரியின் அளவு. பிரிட்ஜைப் பூட்டி ஓடவிட்டார். பதினொரு மணிக்கும் 12.5 இல் அசையாமல் நின்றது.

"பற்றரி நல்லாத்தான் கிடக்கு, தம்பி. சாப்பாடுதான் போகேல்லை."

"ஆனா வயர் முனையில 21 வோல்ட் வருதே அண்ணை?"

"சும்மா நிக்கேக்க எல்லாரும் வீரன்தான். சுமை ஏத்திப் பாக்கோணும்."

கொட்டகைக்குள் போய் ஒரு பழைய வானின் தலை விளக்கு பல்ப்பை எடுத்து வந்தார். ஹை, டிம் இரண்டு இழையையும் ஒன்றாக முறுக்கி, இரண்டு வயர் வால் விட்டிருந்தார். அதுதான் அவருடைய மீட்டர். இரண்டும் எரிந்தால் நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். கன்ட்ரோலருக்கு வரும் பனல் வயரை நேரே அதில் தொட்டார். பதினொரு மணி வெயிலில் பல்ப்பின் இழை, அடுப்பில் அணையப்போகிற தணல் மாதிரிச் செக்கச் செவேலென்று முனகியது. உள்ளங்கையைக் குவித்து நிழல் பிடித்தால்தான் தெரிந்தது. பிறகு கூரையில் ஏறி, பனலின் வாயிலேயே அதே பல்ப்பைத் தொட்டார். கண்ணைக் கூசியது. வெள்ளை வெளிச்சம்.

மேலே நெருப்பு, கீழே தணல். நடுவில் ஏழு அடி வயர்.

கிணற்று மோட்டார்க் குழாயில் தவளை அடைத்த கதைதான் இது. வாய் மூடிக் கிடக்கும்போது குழாய் முழுக்க அழுத்தம் ஒன்றுதான், இரு முனையிலும் ஒரே அளவுதான் காட்டும். திறந்தால் சொட்டுத்தான் வரும். கறன்ட் ஓடாதபோது அடைப்பு அகப்படாது. நான் அளந்தது மூடிய குழாயை.

எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கச் சொன்னார். பற்றரி முனையில் 13. இந்த வகைக் கன்ட்ரோலர் பனலைப் பற்றரியின் வோல்ட்டுக்கே இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் கூரையிலும் கிட்டத்தட்ட 13 தான் இருக்க வேண்டும். கூரையில் 20. ஏழு வோல்ட் வழியிலே காணாமல் போகிறது. வேறெங்கே போகும்? சூடாகப் போகிறது. "கையை வைச்சுப் பார்" என்றார். இரண்டு பனலின் வயரும் ஒன்றாகச் சேருகிற கவையில் இருக்கும் எம்.சி.4 கனெக்டரை, அதாவது சோலார் வயர்களைப் பூட்டும் பொருத்தியை, தொட்டேன். தொட்ட வேகத்திலேயே கையை உதறினேன். கறுப்பு பிளாஸ்டிக் ஒரு பக்கம் மெழுகு மாதிரி இளகிச் சாய்ந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் கூரையில் சாமான் கட்டும்போது அதைப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையிலேயே அப்படித்தான் வந்தது போல என்று விட்டுவிட்டேன்.

கனெக்டரைப் பிரிப்பதற்கு முன் இரண்டு பனலையும் தன் சாரத்தாலும் எங்கள் படுக்கை விரிப்பாலும் மூடினார். வெயிலில் கறன்ட் ஓடும்போது இழுத்துப் பிரித்தால் பொறி பறக்கும், கையையும் சுடும்.

உள்ளே பச்சை. கோயில் மணியின் அடியில் படியும் களிம்பு நிறம். உலோக ஊசியில் பாதி தின்றுபோய், மிச்சத்தில் உப்புப் பூத்திருந்தது. வயரின் தோலை உரித்தால் செம்பு கறுத்துப் போயிருந்தது. ஒரு அங்குலம் வெட்டினார், கறுப்பு. இரண்டு அங்குலம், கறுப்பு. நான்காவது அங்குலத்தில்தான் செம்பு செம்பாக இருந்தது. கல்பிட்டியிலும் நீர்கொழும்பிலும் நான் கடலைப் பார்த்து நிறுத்திய அத்தனை சனி ஞாயிறும் அந்த நான்கு அங்குலத்துக்குள் இருந்தன.

தப்பு என்னுடையதுதான். மலிவுக் கனெக்டர், ஒரு பாதி ஒரு கம்பனி, மறு பாதி இன்னொன்று. பொருந்துகிறதே என்று பூட்டிவிட்டேன். பின்பக்கத் திருகை விரலால் மட்டும் இறுக்கியிருந்தேன். அதிலும் வாய் மேலே பார்த்தபடி. மழையும் கடல் ஈரமும் நேரே உள்ளே.

கஸ்தூரியார் வீதிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரே வகையில் இரண்டு சோடி கனெக்டர் வாங்கி வந்தேன். அண்ணை அவற்றை வயரில் நசுக்கிக் கிரிம்ப் செய்து, இழுத்து இழுத்துப் பார்த்து, பின் திருகைச் சாவி போட்டு இறுக்கினார். பிறகு வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினார். தண்ணீர் வயர் வழியே ஓடி வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. வள்ளங்களில் அப்படித்தானாம். பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ் இல்லாததைப் பார்த்துவிட்டு என்னை என்ன சொன்னார் என்பதை எழுதப் போவதில்லை. 25 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டுத் தந்தார்.

பல்ப்பை வைத்துப் பார்க்க எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். சண்டைக் காலத்தில் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. டோர்ச் பற்றரிகூடத் தடைப் பொருள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். "செய்தி முடியிற வரைக்கும் ஒருத்தன் பெடல் சுத்தோணும். களைச்சானெண்டால் செய்தி வாசிக்கிறவன்ரை குரலும் களைச்சுப் போகும்" என்று சிரித்தார். மீட்டருக்கு எங்கே போவது? எரிகிறதா, எவ்வளவு எரிகிறது என்று கண்ணாலேயே அளந்து பழகியிருக்கிறார்.

கூலியாக அவர் வாங்கியது பியூஸின் விலையோடு சேர்த்து ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுகூட வராது. அண்ணை வீட்டு அக்கா பனங்காய்ப் பணியாரம் ஒரு சரை கட்டித் தந்தார். பிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத பண்டம் என்பதை மனைவி அழுத்திச் சொன்னாள்.

அடுத்த நாள் நண்பகல் மீட்டரில் 9.6 ஆம்பியர். கனெக்டரைத் தொட்டால் வெயிலின் சூடு மட்டும்தான். அதன் பிறகு கீரிமலை, பருத்தித்துறை என்று சுற்றி, கடைசியாக மணற்காட்டில் நிறுத்தினோம். மணல் மேடுகளைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அங்கே மூன்று இரவு, எஞ்சினைத் தொடவே இல்லை.

மூன்றாம் இரவு, அதே மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பிரிட்ஜின் சத்தம் இல்லை. நெஞ்சு திக்கென்றது. டோர்ச்சைத் தேடி எடுத்து, கட்டிலுக்கடியில் தலையை விட்டுக் கன்ட்ரோலரைப் பார்த்தேன். 12.5. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி ஓடத் தொடங்கியது. குளிர் போதும் என்று இவ்வளவு நேரமும் தானாக நின்றிருந்திருக்கிறது.

"என்னப்பா?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

"ஒன்றுமில்லை. நண்டு நல்லாத்தான் கிடக்கு."